ஜிம்னிக்கு 215/75 ஆர்15: பதினான்கு மாதம், 19,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாருதியின் ஃபோர் வீல் வண்டியான ஜிம்னி வைத்திருக்கிறீர்கள், கம்பெனியில் வந்த 195/80 ஆர்15 டயரை மாற்ற வேண்டும், மண் பாதையிலும் ஓட்ட வேண்டும் தினமும் தார் ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்றால் 215/75 ஆர்15 போடுங்கள். ஏ/டி பட்டன் போடுங்கள், பட்டன் என்றால் தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள், ஏ/டி என்றால் மண்ணுக்கும் ரோட்டுக்கும் பொதுவானது. நான்கு போதாது, ஐந்து வாங்குங்கள். 235-க்குப் போகாதீர்கள்.

எந்த கம்பெனி டயர் என்று எழுதப்போவதில்லை. இந்த அளவில் ஏ/டி டயர் பல கம்பெனிகளில் கிடைக்கிறது, நான் ஓட்டியது ஒன்றைத்தான், அதை வைத்து மற்றவற்றை எடைபோட எனக்குத் தகுதியில்லை. இது அளவைப் பற்றிய விமர்சனம்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. வண்டி வாங்கியது 2023 நவம்பரில், மேனுவல் கியர். ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது, உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறோம். அங்கே போகும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் கரிசல் வண்டிப்பாதை. வேலை விஷயமாக வாரம் ஒரு முறையாவது நெல்லைக்கோ மதுரைக்கோ நான்குவழிச் சாலையில் போய்வர வேண்டும். உடன்குடிப் பக்கம் மாமா வீட்டுப் பனங்காடு இருக்கிறது, அங்கே முழுக்கச் செம்மணல் தேரி. ஒரே வண்டி, மூன்று விதமான தரை. அதனால்தான் அளவு விஷயத்தில் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களை மழை புரட்டிப்போட்டது நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளம் வடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் நிலத்தைப் பார்க்கப் போனேன். மேலே காய்ந்து வெடிப்பு விட்டது மாதிரித் தெரிந்த பாதை அடியில் வெண்ணெயாக இருந்தது. கரிசல் காய்ந்தால் கல், நனைந்தால் களி. அதில் செருப்போடு நடந்தால் நாலு எட்டுக்குள் காலைத் தூக்க முடியாதபடி மண் அப்பிக்கொள்ளும், டயருக்கும் அதே கதிதான். வண்டியோடு வந்த ரோட்டு டயரின் மெல்லிய காடிகளில் களி புகுந்து, பத்தடி போவதற்குள் நான்கு டயரும் மொழுமொழுவென்று மொட்டை டயர் மாதிரி ஆகிவிட்டன. நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் ஃபோர் லோ கியர் போட்டும் பிரயோசனமில்லை, சக்கரங்கள் சுற்றுகின்றன, வண்டி மட்டும் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போய் ஓடைக்கரையில் சாய்ந்து நின்றது. பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார்.

அன்று ராத்திரியே பெரிய டயர் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். என்னை அங்கே சிக்கவைத்தது பட்டன்தான், டயரின் அளவு இல்லை என்பது புரிய ஏழெட்டு மாதம் ஆனது. அந்த ஏழெட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடையில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் நடுவில் இருக்கும் எண்ணைத் தவறாகச் சொல்கிறார்கள். 195/80 ஆர்15 என்றால் டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை, அகலத்தில் 80 சதவீதம். அதாவது 156 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 15 அங்குலம் 381 மில்லிமீட்டர், அதோடு மேலே ஒரு 156, கீழே ஒரு 156 கூட்டினால் டயரின் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். இதே கணக்கை 215/75-க்குப் போட்டால் பக்கச்சுவர் 161, மொத்த உயரம் 703. 235/75-க்குப் போட்டால் பக்கச்சுவர் 176, மொத்த உயரம் 733. புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிட்டேன்.

சரி, இதில் கவனிக்க வேண்டியது என்ன? 80-லிருந்து 75-க்குக் குறைகிறதே, டயர் சப்பையாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். சப்பையாகாது, அகலம் கூடியதால் சதவீதம் குறைந்தும் உயரம் ஐந்து மில்லிமீட்டர் ஏறத்தான் செய்கிறது. இன்னொன்று, டயர் பத்து மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டியின் அடிப்பகுதி பத்து மில்லிமீட்டர் உயராது. ரிம்முக்குக் கீழே இருக்கும் பாதிதான் வண்டியைத் தூக்குகிறது. ஆகவே 215 போட்டால் தரைக்கும் அச்சுக்கும் நடுவே எனக்குக் கிடைத்தது ஐந்து மில்லிமீட்டர். 235 போட்டால் இருபது. ஜிம்னிக்கு ஏற்கெனவே 210 மில்லிமீட்டர் இருக்கிறது. கல்லில் இடித்துக்கொண்டே இருந்தால் அந்த இருபதுக்கு மதிப்பு உண்டு. என் பாதையில் கல்லே கிடையாது.

முதலில் போன மதுரைக் கடையில் 235/75 ஆர்15-ஐத்தான் எடுத்து நீட்டினார்கள். கடையின் பெயர் வேண்டாம். "சார், ஜிம்னிக்கு எல்லாரும் இதான் போடுறாங்க, பார்க்கவே கெத்தா இருக்கும்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ரிம்முக்கு இது பொருந்துமா என்று கேட்டேன். "அதெல்லாம் உக்காந்துரும் சார்" என்றார்.

உட்காரும், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குல ரிம்மிலிருந்து இத்தனை அங்குல ரிம் வரை என்று டயர் செய்கிறவர்களே ஓர் எல்லை கொடுத்திருக்கிறார்கள். ஜிம்னியின் ரிம் அகலம் ஐந்தரை அங்குலம். 215/75 ஆர்15-க்கு ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ஆகவே நம் ரிம் அந்த எல்லையின் கீழ் முனையில் சரியாக உட்காருகிறது. 235/75 ஆர்15-க்கு ஆறிலிருந்து எட்டு. ஐந்தரை அங்குலத்தில் அதை ஏற்றினால் டயர் பலூன் மாதிரி நடுவில் உப்பி, பட்டனின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் பட்டு, நடுவில் தேயும். வளைவில் பக்கச்சுவர் மடங்கும். காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும்போது டயர் ரிம்மை விட்டு நழுவும் ஆபத்தும் கூடுதல். மணலுக்காக டயர் மாற்றுகிறவன் மணலில் கழன்றுவிடக்கூடிய டயரை எதற்கு வாங்க வேண்டும்?

இதைச் சொன்னதும் அடுத்த நிமிடமே ஏழு அங்குல ரிம் செட்டைக் காட்டினார்கள். அப்புறம் அது உள்ளே இடிக்கும் என்பதால் இரண்டு அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட். அப்புறம் பம்பரில் கொஞ்சம் வெட்ட வேண்டும். டயர் வாங்கப் போனவன் கையில் ஒன்றே கால் லட்சத்துக்குக் கொட்டேஷன். வாங்கவில்லை, வந்துவிட்டேன்.

அதே அளவில், அதாவது 195/80-லேயே முரட்டுப் பட்டன் போட்ட டயர் கிடைக்குமா என்றும் தேடினேன். என்னைக் கேட்டால் மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அதுவே போதும், ஒரு கணக்கும் மாறாது, ஒரு கேள்வியும் வராது. அந்தச் சமயத்தில் மதுரையிலும் நெல்லையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதும் ஒரு தகவல்தான். ஐந்து டயரில் ஒன்று நடுவழியில் கிழிந்தால் அதே அளவில் இன்னொன்று உடனே எங்கே கிடைக்கும் என்ற கேள்வியை அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குள் கேட்டுக்கொண்டேன். 215/75 ஆர்15 பக்கம் என்னைத் திருப்பியது அந்தக் கேள்விதான், ஏனென்றால் அது பொலேரோவின் அளவு. இரண்டாயிரமாவது ஆண்டிலிருந்து பொலேரோ ஓடாத கிராமம் நம் பக்கம் உண்டா? டவுனில் ஒரே ஒரு டயர் கடை இருந்தாலும் அங்கே பொலேரோ டயர் தொங்கும்.

கடைசியாக வாங்கியது நெல்லையில், 2024 ஆகஸ்டில். ஐந்து டயர், வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. அப்போது டயருக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆகிவிட்டது, ஆகவே இப்போது வாங்குகிறவர்கள் பழைய விலையைக் கடைக்காரர் சொன்னால் பில்லில் வரியைப் பாருங்கள்.

வாங்கும்போது நான் பார்த்த மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அளவுக்குப் பக்கத்தில் 100எஸ் என்று இருந்தது. 100 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று அர்த்தம். வண்டியோடு வந்ததில் 96, அதாவது 710 கிலோ. புது டயரின் எண் பழையதைவிடக் குறையவே கூடாது, கூடினால் பரவாயில்லை. எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. முரட்டுப் பட்டன் டயர் சிலவற்றில் கியூ என்று இருக்கும், அது 160. ஜிம்னிக்கு அதுவும் தாராளம். அளவுக்கு முன்னால் எல்டி என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள், அது சுமை வண்டிகளுக்காகக் கட்டியது. பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும் என்று ஆசைப்பட்டுச் சிலர் வாங்குகிறார்கள். ஜிம்னி 1,200 கிலோ வண்டி. அந்த எடைக்கு எல்டி டயர் மடங்கிக்கொடுக்காது, ரோட்டில் தூக்கிப்போடும், மணலில் காற்றைக் குறைத்தாலும் விரியாது. மஹிந்திரா தார், ஃபோர்ஸ் குர்கா மாதிரி கனமான வண்டிக்கு அது சரி. நம்முடையது இலகுவான வண்டி, அதுதான் அதன் பலமே, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் தயாரித்த வாரம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஐந்து டயரிலும் பாருங்கள், ஒன்றில் மட்டும் பார்க்காதீர்கள். எனக்கு முதலில் எடுத்துவந்த ஐந்தில் இரண்டு ஒன்றரை வருடப் பழசு. மாற்றித் தரச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

ஏன் ஐந்து? ஜிம்னியில் ஃபோர்-ஹெச், அதாவது சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. முன்னால் ஒரு உயரம், பின்னால் ஒரு உயரம் என்று டயர் இருந்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், சுற்ற முடியாது, அந்த முறுக்கு முழுவதும் இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் உட்காரும். சேற்றில் சக்கரம் நழுவி அதைத் தீர்த்துக்கொள்ளும், கெட்டித் தரையில் பல்சக்கரம் வாங்கிக்கட்டிக்கொள்ளும். ஸ்டெப்னி மட்டும் பழைய 195 என்று விட்டுவிட்டால், பஞ்சரான அன்றைக்கு, அதாவது ஃபோர் வீல் மிகவும் தேவைப்படும் இடத்திலேயே, அதைப் போட யோசிக்க வேண்டிவரும். ஐந்தையும் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்கிறேன், ஸ்டெப்னியும் சேர்ந்து தேய்கிறது.

சரி, ஓட்டம் எப்படி?

ரோட்டில் முதல் நாளே தெரிவது சத்தம். அறுபதுக்கு மேல் ஒரு ரீங்காரம் வரும், எண்பதில் நிலைத்துவிடும். கண்ணாடியை ஏற்றிப் பாட்டுப் போட்டால் கேட்காது, ஆனால் இருப்பது இருக்கிறது. ஏ/டி பட்டன் எதுவானாலும் இது வரும். ஸ்டீயரிங் பழையதைவிடக் கொஞ்சம் மந்தம். ஈரமான தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது மோசமாகவில்லை என்பதுதான் எனக்கு நிம்மதி, கயத்தாறு தாண்டி மழையில் ஒரு மாடு குறுக்கே வந்தபோது சோதித்தும் பார்த்தாயிற்று.

மைலேஜ் விஷயத்தில் ஒரு கணக்குப் பிழையை எல்லோரும் செய்கிறார்கள், நானும் முதல் மாதம் செய்தேன். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. 215-இல் வித்தியாசம் ஒன்றரை சதவீதம். மீட்டர் 1,000 கிலோமீட்டர் என்று காட்டினால் நிஜமாக ஓடியது 1,015. டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிப் பார்த்ததில் நான்குவழிச் சாலையில் முன்பு 16 கிடைத்தது, இப்போது மீட்டர்படி 15, கணக்கைத் திருத்தினால் 15.2. ஊருக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேகமும் அப்படித்தான். கம்பெனி டயரில் மீட்டர் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 96 காட்டியது, இப்போது 97, 98. மீட்டர் இன்னும் கூடுதலாகத்தான் காட்டுகிறது, ஆகவே வேகக் கேமராவிடம் தெரியாமல் மாட்ட வழியில்லை. 235 போட்டால் வித்தியாசம் ஆறு சதவீதத்தை ஒட்டி வரும், அப்போது மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 101-க்கு மேல் போய்க்கொண்டிருப்போம். டயரின் மொத்த உயரம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான், அதற்குள் இருந்தால் மீட்டரும் ஏபிஎஸ்ஸும் கியர் கணக்கும் பெரிதாகக் குழம்பாது.

முள்ளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் இல்லாத ஓடையோ வரப்போ கிடையாது, வெட்டிப்போட்ட கிளை பாதையில் கிடந்தால் காய்ந்த முள் ஆணி மாதிரி ஏறும். பழைய டயரில் 11,000 கிலோமீட்டருக்குள் ஆறு பஞ்சர், ஆறும் முள். இதில் பதினான்கு மாதத்தில் இரண்டே இரண்டு. பட்டன் உயரமாக இருப்பதால் பல முள் உள்ளே எட்டும் முன்பே ஒடிந்து நின்றுவிடுகிறது, வீட்டுக்கு வந்து குறடால் பிடுங்கிப் போடுகிறேன். பக்கச்சுவரில் ஏறும் முள்ளுக்கு எந்த டயரும் பதில் இல்லை.

தேரிக்கு வருவோம். உடன்குடிப் பனங்காட்டில் மாமாவின் சொந்த நிலத்தில்தான் ஓட்டினேன். குதிரைமொழித் தேரிப் பக்கம் காப்புக்காடு இருக்கிறது, அங்கேயெல்லாம் வண்டியை விடாதீர்கள், அது குற்றம். தேரி மணல் கடற்கரை மணலைப் போல ஈரம் பிடித்து இறுகி நிற்காது. வெயில் காலத்தில் மாவு மாதிரி ஓடும், காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். முதல் தடவை ரோட்டுக்கு வைத்திருந்த 28 பிஎஸ்ஐ காற்றோடு அப்படியே இறங்கினேன், இருபதடியில் நான்கு சக்கரமும் குழி பறித்துக்கொண்டு அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது. மாமா பனைமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, "மருமவனே, காத்த எறக்கும்வே, மண்ணுல போறதுக்கு எதுக்கு இம்புட்டுக் காத்து?" என்றார். அவர் அந்தக் காலத்தில் டிராக்டர் டிரெய்லரில் கருப்பட்டி ஏற்றியவர். இறக்கினேன், நான்கையும் 16-க்கு. மண்ணைக் கொஞ்சம் கையால் ஒதுக்கிவிட்டு இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தேன். எதுவுமே நடக்காதது போல வண்டி ஏறி வந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அங்கேயே 20, 18, 16 என்று வைத்து வைத்துப் பார்த்தேன். காற்றைக் குறைத்தால் டயர் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது, மணலில் பதிந்த தடத்தைப் பார்த்தாலே தெரியும், டாங்கிச் சங்கிலி மாதிரி நீளமாகக் கிடக்கும். அந்த நீளம்தான் மணலில் தூக்கிப் பிடிக்கிறது. இருபது மில்லிமீட்டர் கூடுதல் அகலம் தரும் லாபத்தைவிடப் பத்து பிஎஸ்ஐ இறக்குவது தரும் லாபம் பல மடங்கு. காசு கொடுத்து டயர் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல ஏர் கேஜும் பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸரும் வாங்குங்கள், பழைய டயரிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இறக்கிய காற்றோடு ரோட்டில் வேகம் எடுக்கக்கூடாது, சூடாகி டயர் பிரிந்துவிடும். மணலைவிட்டு ஏறியதும் நிறுத்தி, நான்கையும் நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவேன், அரைமணி நேரம் ஆகும்.

கரிசலில் எப்படி? இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் அதே பாதையில், அதே ஓடைக்கரையில் போய்ப் பார்த்தேன். மழை விட்டு மூன்றாம் நாள் ஏறிப் போய்விட்டது, முன்பு சிக்கிய இடத்தைத் தாண்டி நிலம் வரை போனேன். மழை விட்ட மறுநாள் போனபோது முடியவில்லை. ஏ/டி பட்டனின் இடைவெளியிலும் களி அடைத்துக்கொள்ளும், ரோட்டு டயரைவிடத் தாமதமாக அடைக்கும், சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டால் கொஞ்சம் உதறும், அவ்வளவுதான். அந்தக் களிக்கு அகலமான டயர் இன்னும் கெடுதல். பழைய வில்லிஸ் ஜீப்பில் 6.00-16 என்று ஒல்லியான டயர் இருந்ததே, அது சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடும். கரிசலில் அகலத்தைக் கூட்டினால் வண்டி மேலேயே மிதந்து வழுக்கும். மணலுக்கு நல்லது களிக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் நிற்க முடிகிற அளவு என்று பார்த்தாலும் எனக்கு 215 சரியாகத் தெரிகிறது. முழுக்க முழுக்கச் சேற்றிலேயே ஓட்டுகிறவர் சேற்றுக்கென்றே வரும் எம்/டி பட்டன் போட வேண்டும், ரோட்டில் அதன் இரைச்சலையும் ஈர ரோட்டில் அதன் வழுக்கலையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் இருக்கும் நண்பன் 235/75 போட்டிருக்கிறான். ரிம் மாற்றி, லிஃப்ட் போட்டு, எல்லாம் முறையாகச் செய்துகொண்டவன், அதனால் அவன் வண்டியை வைத்து ஒப்பிடுவது நியாயம் என்று நினைக்கிறேன். இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஒரு நாள் முழுக்க ஓட்டினோம். பாறையும் கல்லும் இருக்கும் இடத்தில் அவன் வண்டி மேல், சந்தேகமே இல்லை, என் வண்டியின் அடி உரசிய இரண்டு இடத்தில் அவனுடையது உரசாமல் போனது. ஆனால் மற்ற எல்லா இடத்திலும் என்ஜின் திணறுகிறது. ஜிம்னியின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின் 134 நியூட்டன் மீட்டர்தான் தரும், அதுவும் 4,000 சுற்றில். ஆறு சதவீதம் பெரிய டயர் என்றால் ஒவ்வொரு கியரும் ஆறு சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம், போதாததற்கு டயரும் ரிம்மும் கனம். நான் மூன்றாவதில் ஏறும் ஏற்றத்தில் அவன் இரண்டாவதுக்கு இறங்குகிறான், ஐந்தாவது கியர் நான்குவழிச் சாலையில் பாலம் வந்தாலே தாங்கவில்லை. லிஃப்ட் போட்ட பிறகு முன் அச்சின் சாய்வு மாறிப்போய் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லையாம், அதற்குத் தனியாக புஷ் மாற்றியிருக்கிறான். "மாப்ளே, ஒண்ண மாத்துனா அது இன்னொண்ணக் கேக்குது, அத மாத்துனா அது வேறொண்ணக் கேக்குது" என்றான். அவனுக்கு வண்டியில் வேலை பார்ப்பதே சந்தோஷம், வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் போடலாம். மைலேஜ் 12 என்று சொல்லிக்கொண்டிருந்தான், மீட்டர் கணக்கைத் திருத்தினால் 12.7 வருகிறது என்றதும் கொஞ்சம் தெம்பானான்.

தார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் அதையும் இங்கேயே சொல்கிறேன். 2020 தாரில் 245/75 ஆர்16 ஒன்று, 255/65 ஆர்18 ஒன்று என்று இரண்டு அளவு வந்தது. மொத்த உயரம் 774-ம் 789-ம், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பக்கச்சுவர் 16 அங்குலத்தில் 184 மில்லிமீட்டர், 18 அங்குலத்தில் 166. தார் ராக்ஸில் 19 அங்குல ரிம்மோடு வரும் 255/60-இல் அது 153 ஆகிவிடுகிறது, மொத்த உயரம் மட்டும் அதே 789. ரிம் பெரிதானால் ரப்பர் குறைகிறது, காற்றை இறக்கும்போது மடங்குவதற்கு இடம் குறைகிறது, கல்லில் இடித்தால் ரிம் சீக்கிரம் அடிவாங்குகிறது. மண்ணில் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் டயரைப் பெரிதாக்குவதற்குப் பதில் ரிம்மைச் சிறிதாக்குவதைப் பற்றி யோசியுங்கள், பிரேக் காலிப்பர் இடிக்காத வரைக்கும்.

சட்டம், இன்சூரன்ஸ் விஷயம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. டயர் பாடியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போலீஸும் பிடிப்பார்கள், பின்னால் வருகிறவன் மீது சேறும் அடிக்கும். 215 கம்பெனி ரிம்மிலேயே இருப்பதால் மட்கார்டுக்குள் அடங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் முழுக்க ஒடித்தாலும் உரசவில்லை. சர்வீஸில் ஜாப் கார்டில் டயர் அளவு மாறியதைக் குறித்துவைத்தார்கள், வேறு எதுவும் சொல்லவில்லை. போடுவதற்கு முன் உங்கள் சர்வீஸிலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

போன மே மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலுமே ஏறிவிட்டது. மறுநாள் தோட்டத்துப் பாதை ஒன்றில் உடைந்த சிமெண்டுக் கல் பின்பக்க டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது, இரண்டு விரல் நுழையும் கிழிசல், எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்ட முடியாதது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு செம்மேட்டுக்கு வந்தோம். கையில் ஸ்டெப்னி இல்லாமல், இரண்டு குழந்தைகளோடு, எழுபது வளைவு இறங்கி ஊருக்கு முந்நூறு கிலோமீட்டர் போக எனக்கு மனம் வரவில்லை.

அங்கே ஒரு சின்னப் பஞ்சர் கடை. கடைக்காரப் பெரியவர் கிழிந்த டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பக்கச்சுவரில் எண்ணைத் துடைத்துப் படித்தார். "ஏன் தம்பி, இது நம்ம பொலேரோ டயருதானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், அரைவாசி பட்டன் மிச்சமிருந்த பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். மாட்டிக் காற்றடித்துக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்து புதிது ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். அந்தப் பொலேரோ டயரை இன்னும் தூக்கிப் போடவில்லை, மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது.